தியாகம் அன்று, கடன்!

சொல் ஒன்றை ஆராயப் புகுகிறோம். இலக்கண ஆராய்ச்சி போலும் என்று எண்ணி ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். அந்தச் சொல்லின் அடியில் ஊர்கள் புதைந்து கிடக்கின்றன. முந்திரித் தோப்பும் பலாமரமும், நெல் விளைந்த நஞ்சையும் கடலை விளைந்த புஞ்சையும், பாட்டன் வெட்டிய கிணறும் அங்கே கிடக்கின்றன. அச்சொல், தியாகம்.

நெய்வேலியைப் பற்றி யார் பேச எழுந்தாலும் இச்சொல் முதலில் வந்து நிற்கிறது. விழா மேடையில் அதிகாரி, நிலம் தந்தோரின் தியாகத்தைப் போற்றுகிறார். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர் அதையே போற்றுகிறார். சுரங்கத்தை எதிர்த்து முழங்க வந்தவரும் அதே தியாகத்தைத்தான் போற்றுகிறார். ஆள்வோரும் எதிர்ப்போரும் ஒரே சொல்லை வழங்கும் இடத்தில் பகுத்தறிவாளர் சற்றே நின்று பார்க்க வேண்டும். வழக்காடும் இருவர் மடியிலும் ஒரே காசு இருந்தால், அது செல்லுமா செல்லாதா என்று தட்டிப் பார்ப்பதுதானே அறிவுடைமை?

சொற்களைத் தட்டிப் பார்த்தே வளர்ந்தது நம் இயக்கம். தலையெழுத்து என்றார்கள், எழுதிய கை எது என்று கேட்டோம். தீட்டு என்றார்கள், எந்த நிறையில் நிறுத்தால் அது தெரியும் என்று கேட்டோம். முற்பிறப்பின் பயன் என்றார்கள். கணக்கேட்டைக் காட்டுக என்றோம். கோயில் வாயிலில் கேட்ட கேள்வியைச் சுரங்க வாயிலில் கேட்கலாகாது என்று எந்தப் பகுத்தறிவும் சொல்லவில்லை. கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்? கணக்கு எழுதியவர் யார்? இம்மூன்றையும் இங்கும் கேட்போம்.

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 1930களின் நடுவில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு இறக்கினார். தண்ணீரோடு கருநிறப் பொருள் ஒன்றும் மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. தம் நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல் அவர் பின்னர் அரசுக்கு வழங்கினார். 1956 நவம்பர் 14-ல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20-ல் தலைமையமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் அக்கரி மின்சாரமாயிற்று. மின்நிலையத்துக்குச் சோவியத் நாடு துணை நின்றது. மண்ணை வெட்டச் செருமானியப் பொறிகள் வந்தன. 1985-ல் இரண்டாம் சுரங்கம், 2003-ல் மற்றுமொரு சுரங்கம். இன்று ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் தோண்டவல்ல நிறுவனம் அது. அதன் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமன்று, புதுவைக்கும் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் தெலுங்கானாவுக்கும் பாய்கிறது.

'வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது' என்று மேடைதோறும் முழங்கிய காலத்தில் பிறந்த தொழில் இது. தெற்குக்கும் ஒரு பெருந்தொழில் வேண்டும் என்று கேட்ட நாடு நெய்வேலியைக் கண்டு மகிழ்ந்தது. மகிழ்ந்தது முறையே. ஆலை ஓடியது, வயலில் மின்விசை நீர் இறைத்தது, குடிசையில் விளக்கு எரிந்தது, தொழிலாளி மகன் பொறியாளன் ஆனான். இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. தொழில் வேண்டாம், ஏற்றமே போதும், அகல்விளக்கே அழகு என்று பாடும் பழமைப் பாட்டு நம்முடையதன்று. விளக்கு வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். அதனாலேயே, விளக்கின் விலையை யார் கொடுத்தார் என்று கேட்கும் கடமையும் நமக்கே உரியது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ஜம்புலிங்கர் செய்தது கொடை. அவரிடம் இருந்தது, அவர் விரும்பினார், வழங்கினார். அவருக்குப் பின் நிலம் இழந்தவர்களுக்கு நேர்ந்தது அதுவன்று. அவர்களுக்கு வந்தது அறிவிக்கை. பொது நோக்கத்துக்காக இன்ன புல எண் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்னும் தாள். அத்தாளில் 'தருகிறாயா?' என்ற வினா இல்லை. மாவலியின் கதையை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். மூன்றடி மண் என்று கேட்டு வந்தவன், கொடுத்தவனையே பாதாளத்தில் அழுத்திய கதை அது. வஞ்சகக் கதைதான். ஆயினும் அக்கதையில் வந்தவன் வாசலில் நின்று கேட்கவாவது செய்தான்! நெய்வேலியைச் சூழ்ந்த சிற்றூர்களில் கேட்கவில்லை, அறிவித்தார்கள். அறிவித்து எடுத்ததற்குக் கொடை என்று பெயரிட்டால், ஜம்புலிங்கரின் கொடைக்கு நாம் என்ன பெயர் வைப்பது?

தியாகம் என்பது வடசொல். தானே மனம் உவந்து துறத்தல் என்பது அதன் பொருள். தமிழில் ஈகம் என்போம். மறுக்கும் உரிமை உடையவன், மறுக்காமல் தருவதே ஈகம். மறுக்கும் உரிமை இல்லாதவனிடமிருந்து பெறுவது ஈகமாகாது. உடன்கட்டை ஏற்றிய பெண்ணையும் தியாகி என்றுதான் புகழ்ந்தார்கள். சுற்றி நின்று பறை முழக்கியது புகழ்வதற்காக மட்டுமன்று, அவள் அலறல் வெளியே கேட்கக்கூடாது என்பதற்காகவும்தான். புகழ்ச்சி எங்கே மிகுகிறதோ, அங்கே எந்த ஒலி அமுக்கப்படுகிறது என்று செவி சாய்த்துக் கேட்க வேண்டும்.

அந்த வட்டாரத்துத் தெருக்கூத்தில் அரவான் களப்பலி விடிய விடிய நடக்கும். போரில் வெல்ல ஒரு பலி வேண்டுமாம். பலிக்குரிய குறிகள் முற்றும் அமைந்தவர் மூவராம். கண்ணன், அர்ச்சுனன், அரவான். கண்ணன் போனால் சூழ்ச்சி சொல்ல ஆளில்லை. அர்ச்சுனன் போனால் வில் வளைக்க ஆளில்லை. ஆகவே அரவான்! அவன் கழுத்தை அறுத்துக்கொள்ள, வெற்றி மற்றவர்க்கு. அவனுக்குக் கிடைத்தது ஒரு திருவிழா. நாட்டு நலனுக்கு ஒரு பலி தேவை என்று பேச்செழும்போதெல்லாம், இன்றியமையாதவர் பட்டியல் ஒன்று முதலில் எழுதப்படுகிறது. அப்பட்டியலில் இடம் பெறாதவன் பெயர்தான் தியாகிகள் பட்டியலில் ஏறுகிறது.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும். "கரி அங்கேதானே கிடக்கிறது? வேறெங்கே தோண்டுவது? இதில் சூழ்ச்சி எங்கே வந்தது?" நேரான கேள்வி. நேராகவே விடை சொல்வோம். இடத்தைத் தேர்ந்தது இயற்கை. அதில் யாருக்கும் பழியில்லை. ஆனால் விலையைத் தேர்ந்தது இயற்கையன்று. யாரை வேலைக்கு எடுப்பது, யாரை எந்த மேட்டில் கொண்டுபோய்க் குடிவைப்பது, எந்த நாளில் வயலில் பொறியை இறக்குவது, இவற்றை நிலக்கரி முடிவு செய்யவில்லை. மனிதர் முடிவு செய்தனர். மனிதர் செய்த முடிவை இயற்கையின் தலையில் கட்டுவதற்கும், பசியை விதியின் தலையில் கட்டுவதற்கும் என்ன வேறுபாடு?

மற்றொரு சொல்லையும் பாருங்கள். திறந்தவெளிச் சுரங்கத் தொழிலில், கரிக்கு மேலே கிடக்கும் மண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. ஓவர்பர்டன் என்பார்கள். மேற்சுமை என்று பொருள். நெய்வேலியில் அது ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். ஒரு டன் கரியை எடுக்க, ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளி அப்பால் கொட்டியாக வேண்டும். பெருஞ்சக்கரத்தில் வாளிகள் பொருத்திய பொறிகள் இரவு பகலாக அதைச் செய்கின்றன. தொழில்நூலார் அப்பெயரைத் தம் வசதிக்கு வைத்தனர். குறை கூற மாட்டோம். ஆனால் அந்தச் சுமையின் மேலடுக்கு எது? ஏர் உழுத மண். தலைமுறை தலைமுறையாகத் தொழுவுரம் கொட்டிப் பதப்படுத்திய மண். உழவன் முதல் என்று போற்றியதைக் கணக்கேடு சுமை என்று எழுதுகிறது. ஒருவனுடைய முதல் மற்றொருவனுடைய ஏட்டில் சுமையாக ஏறிவிட்ட பிறகு, இழப்பீட்டுத் தொகை எப்படி நேராக அமையும்?

அம்மண்ணின் கீழே தண்ணீரும் உண்டு. கரிப்படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர். இறைத்து அதன் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தளமே பீறிட்டுப் போகும். ஆதலால் 1961 முதல் இரவு பகல் ஓயாமல் இறைக்கிறார்கள். அந்த நீர் மின்நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது. வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ச் சில வயல்களை வாழவும் வைக்கிறது. அதையும் கணக்கில் வைப்போம். ஆனால் ஒரு காலத்தில் எவரும் இறைக்காமலே தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணறுகள் நிரம்பிய வட்டாரம் அது. தண்ணீர் தேடிய கிணற்றில் கரி வந்தது. கரி தேடிய குழியால் கிணற்றுத் தண்ணீர் ஆழத்துக்குப் போயிற்று. எஞ்சிய நீரின் நிலை என்ன? பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்னும் அமைப்புகள் சுற்றுவட்டார நீரிலும் மண்ணிலும் பாதரசம் உள்ளிட்ட மாசுகள் இருப்பதாக 2023-ல் ஆய்வறிக்கை வெளியிட்டன. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது கடுமையான செய்தி. நிலத்தை இழந்தவன் பட்டியலிலாவது இடம் பெறுகிறான். சுரங்க ஓரத்தில் இருந்துகொண்டே தண்ணீரை இழந்தவன் எந்தப் பட்டியலில் இருக்கிறான்?

பட்டியலில் இல்லாதவர் இன்னும் உண்டு. இழப்பீடு பட்டாவைத் தேடிச் செல்கிறது. பட்டா இல்லாதவனுக்கு? அந்த நிலத்தில் நாற்று நட்ட பெண், களை எடுத்த பெண், முந்திரிக்கொட்டை உடைத்து வயிறு வளர்த்த கிழவி, குத்தகைக்கு உழுதவன், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரியில் பிறந்து ஒரு சென்டு நிலமும் இல்லாமல் உழைத்தவன், இவர்களுக்கும் அந்த நிலம்தானே சோறு போட்டது? நிலவுடைமையில் இருந்த சாதி ஏற்றத்தாழ்வு இழப்பீட்டிலும் அப்படியே இறங்குகிறது. ஊரே போய்விட்டது, சாதி போகவில்லை! மாற்றுக் குடியிருப்பிலும் மேலத்தெரு, கீழத்தெரு என்று கோடு கிழிப்போமானால், பொறி வெட்டிய குழியைவிட ஆழமான குழியை நாம் வெட்டியவர்களாவோம்.

2023-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அவ்வாண்டு ஏப்ரலில், வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய மூன்று இடங்களை நிலக்கரி ஏலத்தில் ஒன்றிய அரசு சேர்த்திருந்தது. வேளாண் மண்டலத்தில் சுரங்கமா என்று தமிழ்நாடு கொதித்தது. முதலமைச்சர் தலைமையமைச்சருக்குக் கடிதம் எழுதினார். சில நாள்களிலேயே மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்பட்டன. நல்ல வெற்றி. நாமும் மகிழ்ந்தோம். அதே ஆண்டு சூலை 26. அதே சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி. இரண்டாம் சுரங்கத்தை விரிவாக்குவதற்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்ட, பச்சைப் பயிரில் மண்வாரிப் பொறிகள் இறங்கின. பாதுகாப்புக்கு நின்றவர்கள் தமிழ்நாட்டுக் காவலர்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். சட்டத்தின் ஏட்டில் அது சரியாக இருக்கலாம். அறுவடை முடியும் வரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது. பயிருக்கு விலை கிடைத்தது. ஆனால் இரண்டு மாதம் பொறுக்க முடியாத அவசரத்துக்கு விளக்கம் கிடைத்ததா?

சட்டம் என்றோம். அதையும் நோக்குவோம். ஒரு திட்டம் வந்தால் யார் யார் என்னென்ன இழப்பர் என்று முன்கூட்டியே ஆராய்ந்து மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் சொன்னது. சமூகத் தாக்க மதிப்பீடு என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997-ல் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. அதனையும் வேறிரு மாநிலச் சட்டங்களையும் புதிய சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி 2014-ல் திருத்தம் செய்தார்கள். உயர் நீதிமன்றம் 2019-ல் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் சட்டமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 1997-ல் ஆண்டது ஒரு கழகம். 2014-லும் 2019-லும் ஆண்டது மற்றொரு கழகம். கொடிகள் மாறின, உழவனிடம் கேட்காமல் எடுக்கும் வசதியை மட்டும் இருவரும் கைவிடவில்லை. தில்லியைக் குறை சொல்லும் விரல் நீண்டிருக்கட்டும். கோட்டையை நோக்கியும் அது திரும்ப வேண்டும். மாநிலத்தின் நிலத்தில் தில்லி கேட்காமல் கை வைக்கலாகாது என்பவர்கள், உழவனின் நிலத்தில் மாநிலம் கேட்காமல் கை வைப்பதை எவ்வாறு ஏற்பது? தன்னாட்சி தலைநகரத்தோடு நின்றுவிடும் சரக்கன்று.

வேலையின் கதை என்ன? 2022-ல் பயிற்சிப் பொறியாளர் பணியிடங்கள் 299-க்கு, கேட் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு ஆள் எடுத்தார்கள். நிலம் தந்த மண்ணின் மக்களுக்கு அதில் இடமில்லாமற் போகிறதே என்று மாநில முதலமைச்சர் தலைமையமைச்சருக்கு எழுத வேண்டியதாயிற்று. நிரந்தர வேலை எட்டாத உள்ளூர் இளைஞன் ஒப்பந்தக் கூலியாகச் சுரங்க வாயிலில் நிற்கிறான். தன் தந்தையின் நிலத்தில் இறங்கி, அன்றாடக் கூலிக்கு, அந்த நிலத்தையே வாருகிறான். 2020 சூலை 1-ல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது, அந்த இடத்திலேயே ஆறு தொழிலாளர் மாண்டனர். பிறகு மருத்துவமனையில் மேலும் பலர். விபத்துக்கு மறுநாள் அவர்களையும் தியாகிகள் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால், கொதிகலனைப் பழுது பார்த்த நாள் எது என்று எவரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

இவ்வளவுக்கும் நெய்வேலிக்காகத் தமிழ்நாடு போராடாமல் இல்லை. 2006-ல் பங்குகளை விற்க ஒன்றிய அரசு முற்பட்டபோது மாநிலம் எதிர்த்து நின்றது, விற்பனை நின்றது. 2013-ல் மீண்டும் விற்க வந்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களே 3.56 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கின. பொதுச்சொத்து தனியார் கைக்குப் போகலாகாது என்ற அந்தப் போராட்டம் பெருமைக்குரியது. ஆனால் எண்ணிப் பாருங்கள். பங்குப் பத்திரம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு நாடு முழுவதும் எழுந்தோம். அப்பத்திரத்துக்கு அடியில் கிடக்கும் நிலத்துக்கு உரியவனுக்கு அதில் பங்கு எவ்வளவு என்று எந்த மேடையில் கேட்டோம்?

நம் எழுத்துலகமும் இதற்கு விடை சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நெய்வேலி என்பது பொருத்துக வினாவில் ஒரு வரி. நெய்வேலி, பழுப்பு நிலக்கரி. பொருத்தினால் ஒரு மதிப்பெண். பாட்டும் மேடைப் பேச்சும் 'கருப்புத் தங்கம்' என்று கரியைப் பாடின. தங்கம் என்றதும் கண் கூசுகிறது. கூசிய கண்ணுக்குக் குழி தெரிவதில்லை. நிலம் இழந்தவனின் பேச்சிலேயே அவன் கதையைச் சொல்ல அம்மண்ணின் எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'வந்தாரங்குடி' என்னும் புதினம் எழுதினார். அத்தகைய நூல்கள் பத்து வேண்டும். புகழ்மாலை எழுதும் பேனாக்கள் ஊருக்கு ஒன்று இருக்கும்போது, கணக்கு எழுதும் பேனாக்கள் இவ்வளவு அரிதாக இருக்கலாமா?

ஆகவே தியாகம் என்ற செல்லாக் காசை ஒதுக்கிவிடுவோம். அதற்கு ஈடாக நாம் வைக்கும் சொல், கடன்.

இச்சொல் மாற்றம் வெறும் சொல் விளையாட்டன்று. தியாகிக்குச் செய்ய வேண்டியது ஒரு மாலை, ஒரு கைதட்டல், ஆண்டுக்கு ஒரு விழா. அத்துடன் தீர்ந்தது. கடன் கொடுத்தவனுக்கு அப்படித் தீராது. கடனுக்கு ஏடு உண்டு. எவ்வளவு என்று எழுத வேண்டும். கடனுக்குத் தவணை உண்டு. எப்போது திரும்பும் என்று சொல்ல வேண்டும். கடனுக்கு வட்டி உண்டு. கொடுத்தவனுக்கு ஆண்டுதோறும் சேர வேண்டும். தியாகி கேட்டால் நன்றியற்றவன், பேராசைக்காரன் என்பார்கள். கடன் கொடுத்தவன் கேட்டால் அது உரிமை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் வீடுகளில் எரியும் விளக்குகள் அந்த ஊர்களிடம் வாங்கிய கைமாற்று. நாம் அவர்களுக்குப் புரவலர் அல்லர், கடன்காரர்.

கடன் என்று ஒப்புக்கொண்டால் கேட்க வேண்டியவை தாமே வரிசையில் வந்து நிற்கும். 1957 முதல் இன்று வரை எந்த ஊர், எத்தனை ஏக்கர், எத்தனை குடும்பம், யாருக்கு என்ன கிடைத்தது என்ற முழுக் கணக்கை ஊராட்சிதோறும் சுவரில் எழுதி ஒட்டுக. பட்டா இல்லாத உழைப்பாளியின் பெயரும் அதில் இருக்கட்டும். கரி எடுத்து முடித்த நிலத்தை மேடாக்கி மரம் நட்டுக் காட்டுகிறார்கள். அதில் உழவுக்கு ஏற்றதை, நிலம் இழந்தோருக்கும் நிலமற்றோருக்கும் மீட்டளிக்க வழி செய்க. வருவாயில் ஒரு பங்கைச் சலுகையாக அன்றி உரிமையாக அவ்வூர்களுக்கு வகுத்து வைக்க. வேலையில் முன்னுரிமையை விழாப் பேச்சில் வையாமல் ஆணையில் வைக்க. குடிநீரைச் சோதித்த முடிவை அந்நீரைக் குடிப்பவனுக்குச் சொல்க. பழைய கணக்குத் தீரும் முன் புதிய புல எண்ணில் கால் வைக்காதிருக்க.

காலமும் நெருங்குகிறது. 1962-ல் ஒளி தந்த முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. காற்றிலும் கதிரொளியிலும் மின்சாரம் எடுக்கத் தமிழ்நாடு விரைந்து கற்றுவருகிறது. புவி வெப்பத்தை எண்ணிக் கரியைக் குறைக்க வேண்டும் என்று உலகம் பேசுகிறது. கரி வேண்டாம் என்னும் நாள் வரும்; வரத்தான் வேண்டும். அன்று நிறுவனம் வேறு தொழிலுக்குப் போகும், அதிகாரி வேறு ஊருக்குப் போவார், பொறிகள் பழைய இரும்பு விலைக்குப் போகும். குழி மட்டும் அங்கேயே இருக்கும். கடன் வாங்கியவன் ஊரைவிட்டுப் போகும் முன்புதான் ஏட்டை விரிக்க வேண்டும் என்பது சந்தையில் கடலை விற்பவளுக்கும் தெரியும்.

தோழர்களே! அடுத்த முறை ஒரு மேடையில் எவரேனும் நெய்வேலி மக்களின் தியாகம் என்று தொடங்கினால், கை தட்டாதீர்கள். எழுந்து நின்று, கடன் எவ்வளவு, தவணை எப்போது என்று கேளுங்கள். நம் கட்சி மேடையானாலும் கேளுங்கள்.